மந்தைவெளி ஸ்டாண்டில் ஒரு சுறா

சுறா வலது பக்கத்திலிருந்து வந்ததால் டில்லிபாபு இடது பக்கம் சாய்ந்தார். இடது பக்கத்தில் தேவானை குழம்புச் சட்டியோடு வந்துகொண்டிருந்தாள்.

சட்டி மூன்று துண்டானது. குழம்பு கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டது. டில்லிபாபு நாற்காலியோடு மல்லாந்து கிடந்து இரண்டு கைகளாலும் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். கண்ணை முழுக்க மறைத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கருவி அவர் முகத்தில் உட்கார்ந்திருந்தது.

"சுறா பூட்ச்சா, தேவானை?" என்றார்.

"குழம்புதான் பூட்ச்சு! கயட்டுய்யா அத்த!"

"பத்து நிமிசம் ஆவாம கயட்டக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க. இன்னும் ஆமை வர வேண்டி கீது."

ஆமை வந்துபோகும் வரை தேவானை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

கருவி வீட்டுக்கு வந்து அது இரண்டாம் நாள்.

டில்லிபாபு மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஸ்டாண்டில் இருபத்திரண்டு வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறவர். சிகரெட் அதற்கும் மூத்தது. விட்டுப் பார்க்காமல் இல்லை. ஏலக்காய் மென்றார், சூயிங்கம் மென்றார், கடைசியில் தேவானையின் பேச்சையும் மென்று விழுங்கினார். மலைக்கு மாலை போட்ட வருஷம் நாற்பத்தொரு நாள் தொடவே இல்லை. நாற்பத்திரண்டாம் நாள், திரும்பி வரும் வேன் டீக்கு நின்ற இடத்தில், விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடித்தார்.

அவருடைய ஒரே மகள் கயலை வேளச்சேரியில் கட்டிக் கொடுத்திருந்தது. போன வருஷம் நாலாவது மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்துபோனது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. இப்போது மறுபடி ஏழு மாதம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கயல் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"நைனா, வூட்டுல பொகை இருக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாங்க. நீ வுட்டீனா வரேன். வுடலன்னா மாமியார் வூட்லயே இருந்துக்கறேன். கொயந்தைய வாசல்ல நின்னு பாத்துட்டுப் போ."

சொல்லி முடித்ததும் அவளே அழுதுவிட்டாள். அதுதான் டில்லிபாபுவைக் கொன்றது. திட்டியிருந்தால் வெளியே போய் ஒன்று பற்றவைத்திருப்பார்.

அடையாறில் ஒரு மருத்துவமனையில் கருவியைப் போட்டுச் சிகரெட்டை நிறுத்துவது பற்றி ஆராய்ச்சி நடக்கிறது என்று கயல்தான் எங்கோ பார்த்து அப்பாவின் பெயரைப் பதிந்தாள். அங்கே சந்திரிகா என்ற இளம்பெண் அவருக்குக் கருவியை மாட்டிக் காட்டினாள்.

"சிகரெட் ஞாபகம் வர்றப்பல்லாம் இதை மாட்டிக்கிட்டுப் பத்து நிமிஷம் உக்காருங்கண்ணா. எட்டு வாரம். வாரத்துக்கு ஒரு தடவை இங்க வந்து இந்தக் குழாய்ல ஊதணும். உள்ள எவ்வளவு புகை இருக்குன்னு நம்பர் காட்டும்."

ஊதினார். இருபத்தேழு காட்டியது.

"எவ்ளோ இருக்கணும்மா?"

"ஆறுக்குக் கீழ."

கருவியை மாட்டியதும் கடல். டில்லிபாபு பட்டினப்பாக்கத்தில் அலைச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் கடலுக்கு அடியில் போய் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். மஞ்சள் மீன், கோடு போட்ட மீன், ஏழாவது நிமிஷத்தில் சுறா, ஒன்பதாவது நிமிஷத்தில் ஆமை. பத்தாவது நிமிஷம் முடிந்து கழற்றியபோது, எதற்காக மாட்டினோம் என்பதே கொஞ்ச நேரம் ஞாபகம் வரவில்லை.

"இது மருந்து!" என்றார் அங்கேயே.

சரி, மருந்து வந்தாயிற்று. இப்போது சட்டி உடையாமல் அதைச் சாப்பிட வேண்டும்.

மறுநாள் தேவானை ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் பழைய புடவை ஒன்றை எடுத்து, அவரை நாற்காலியோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். காலையில் கடற்கரைச் சாலையில் மீன் விற்றுவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆய்வது அவள் வழக்கம். அவர் கட்டப்பட்டிருக்கிறார் என்ற நிம்மதியில் எதிரே அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு வசந்தி கறிவேப்பிலை கேட்டு வந்தாள்.

அவள் பார்த்தது இதுதான்: புருஷனைக் கண்ணைக் கட்டி நாற்காலியில் பிணைத்திருக்கிறது. அவர், "வேணாம்... கிட்ட வராத... அய்யோ வாயத் தொறக்குதே" என்று முனகுகிறார். எதிரே பெண்டாட்டி அரிவாள்மணையோடு.

வசந்தி போட்ட சத்தத்தில் மூன்று மாடியும் இறங்கி வந்தது.

"இன்னா தேவானை, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். அத்த மொதல்ல கீழ போடு" என்றார் வசந்தியின் கணவர் வேதநாயகம். முப்பது வருஷம் படகில் போய் வந்தவர். இப்போது முட்டி வலியால் கரையில் இருக்கிறார்.

"நான் இன்னா கொலையா பண்றேன்? இந்தாளு வைத்தியம் பாத்துக்கினு கீறாரு!"

நம்பிக்கை வருவதற்காகக் கருவியை வேதநாயகத்துக்கு மாட்டினார்கள். அவர் பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கழற்றியபோது முகம் பளிச்சென்று இருந்தது.

"சிகரெட்ட வுடறதுக்கு மீனு இன்னாத்துக்குண்ணே?" என்று தேவானை கேட்டாள். "நானும் பாத்தேன். அதுல ஒண்ணுகூட விக்கிற மீனு இல்ல."

வேதநாயகம் யோசித்தார். "மீனு தண்ணிக்குள்ள மூச்சு வுடுதா? அத்தப் பாத்துக்கினே இருந்தா நம்மளும் அதே மாரி மூச்சு வுடுவோம். உள்ள கீற கரியெல்லாம் அப்படியே கழுவிக்கினு பூடும். சயின்ஸுமா!"

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. டில்லிபாபு அடுத்த வாரம் இதைச் சந்திரிகாவிடமே விளக்கினார். அவள் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதிக்கொண்டாள். குழாய் பத்தொன்பது காட்டியது.

ஆனால் வேதநாயகத்தின் விளக்கத்தைக் கேட்கும் வரை கூட்டம் முழுவதும் நிற்கவில்லை. பாதிப் பேர் பார்த்ததோடு போய்விட்டார்கள். 'கண்ணைக் கட்டியிருந்தது' என்ற செய்தி கடைத்தெருவுக்குப் போகும்போது 'கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது' ஆனது. மந்தைவெளி போய்ச் சேர்ந்தபோது டில்லிபாபுவுக்கு இரண்டு கண்ணும் போயிருந்தது.

காலை எட்டு மணிக்கு அவர் ஆட்டோவில் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஃபிசா டீச்சர், அன்று ஏறாமல் நின்றாள்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இது எத்தனை விரல்?"

"மூணு. இன்னாத்துக்கு டீச்சர்?"

"சும்மாதான். இது?"

டீச்சர் அவசரத்தில் மோதிர விரலை அரைகுறையாக மடக்கியிருந்தாள். மூன்று என்றும் சொல்லலாம், இரண்டு என்றும் சொல்லலாம்.

"ரெண்டரை" என்றார் டில்லிபாபு.

டீச்சர் ஷஃபியுல்லாவின் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

ஷஃபியுல்லா அவருடைய இருபது வருஷத்துக் கூட்டாளி. ஒரே நெருப்புக் குச்சியில் இரண்டு பேரும் பற்றவைத்த நாள்கள் கணக்கில் அடங்காது. சவாரி முடிந்து திரும்பி வந்த பாய் மெதுவாகக் கேட்டார்.

"மச்சி, நெஜமாவே கண்ணு தெரியலயா? எங்கிட்டயாவது சொல்லுடா."

பொறுத்தது போதும் என்று டில்லிபாபு மறுநாள் கருவியையே ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தார். எல்லாருக்கும் காட்டி விளக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்.

காட்டினார். விளக்கினார். வேதநாயகத்தின் சயின்ஸையும் சொன்னார். ஸ்டாண்டு அசந்துபோனது. மதியம் சாப்பாடு முடிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அந்த ஆசை இருக்கிறதே, அது மற்ற நேரத்து ஆசை மாதிரி இல்லை. பிடரியில் கைவைத்துத் தள்ளும். டில்லிபாபு தன் ஆட்டோவின் ஓட்டுநர் சீட்டிலேயே உட்கார்ந்து, கருவியை மாட்டி, சாய்ந்து விழாமல் இருக்க ஹாண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பின் சீட்டில் இரண்டு காய்கறிப் பைகளோடு ஒரு மாமி ஏறினாள்.

"கபாலி கோவில் தெற்கு மாடவீதி. சீக்கிரம் போப்பா, ஆத்துல எல்லாரும் காத்துண்டிருக்கா."

"தோ மாமி. ஒரு சுறா போவட்டும்."

"எது போகட்டும்?"

"சுறா. இப்ப லெஃப்ட்ல திரும்பிக்கினு கீது."

மாமி எட்டிப் பார்த்தாள். கண்ணை மூடி ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு, ஹாண்டில்பாரைப் பிடித்துத் தலையை இடதும் வலதுமாக ஆட்டும் டிரைவரைப் பார்த்தாள்.

"ஐயையோ! கண்ணைக் கட்டிண்டு ஓட்டறானே! யாராவது வாங்கோளேன்!"

ஆட்டோ ஓடவே இல்லை என்பதை மாமி கவனிக்கவில்லை. கூட்டம் சேர்ந்தது. போனெல்லாம் மேலே எழுந்தது. சிக்னலில் நின்ற டிராஃபிக் கான்ஸ்டபிள் ஜவஹர் விசிலோடு வந்தார்.

"இறங்குய்யா கீழ! என்ன இது?"

டில்லிபாபு இறங்கினார். பத்துப் பதினைந்து போன்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சார், பொண்ணு முழுகாம கீது சார். போன தபா தங்கல. நான் சிகரெட்ட வுட்டாத்தான் வூட்டுக்கு வரும். கொயந்தைய என் கைல குடுக்கணும் சார், அதுக்குத்தான் இந்த வைத்தியம். ஆசை வந்துச்சு, மாட்டிக்கினேன். வண்டிய எடுக்கவே இல்ல சார், அந்தம்மாவக் கேளுங்க."

மாமி காய்கறிப் பைகளைக் கீழே வைத்தாள். "எடுக்கலைதான்" என்று ஒப்புக்கொண்டாள்.

"இதுக்குள்ள என்னதான் இருக்கு?" என்றார் ஜவஹர். "குடு, பாக்கறேன்."

அங்கேதான் தப்பு நடந்தது. ஜவஹர் சாலை ஓரத்துக்குப் போகாமல், நின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டார். ஆறு நிமிஷம் அமைதியாக ரசித்தார். ஏழாவது நிமிஷம் இரண்டு கையையும் வீசி நீந்த ஆரம்பித்தார்.

சீருடையில் ஒருவர் சாலையில் நின்று கையை வீசினால் சென்னை வண்டிகள் என்ன செய்யும்? வலது கை போனதும் லஸ் பக்கமிருந்து வந்தவர்கள் புறப்பட்டார்கள். இடது கை போனதும் அடையாறு பக்கமிருந்து வந்தவர்கள் புறப்பட்டார்கள். சுறா மேலே வந்தபோது அவர் இரண்டு கையையும் தூக்கினார். எல்லாரும் நின்றார்கள். ஆமை வந்தது. ஆமையை அவர் வா வா என்று அன்போடு கூப்பிட்டார். எல்லாரும் ஒரே சமயத்தில் வந்தார்கள்.

நாற்பது நிமிஷம் எடுத்தது அந்த முடிச்சை அவிழ்க்க.

ஜவஹருக்கு டில்லிபாபு மேல் கோபம் வரவில்லை. வரவும் முடியாது. ஆனால் ஒரு கண்டிப்பான உத்தரவு போட்டார்.

"இனிமே பக்கத்துல ஆள் இல்லாம நீ இதை மாட்டவே கூடாது. ஒருத்தர் உன்னைப் பிடிச்சுக்கிட்டு உக்காரணும். மாட்டினப்புறம் வண்டியத் தொடக் கூடாது. தனியா பாத்தேன், வண்டியையும் மிஷினையும் சேத்துத் தூக்கிடுவேன்."

அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ ஊர் முழுக்கப் போயிருந்தது. கருவி முகத்தை மறைத்திருந்ததால் ஜவஹர் தப்பித்தார். டில்லிபாபுவின் முகத்தை மறைக்க எதுவுமில்லை. 'கொயந்தைய என் கைல குடுக்கணும் சார்' என்று அவர் சொன்னதுதான் வீடியோவின் தொடக்கமே.

உத்தரவை நிறைவேற்றுவது தேவானையின் பொறுப்பானது. காலை வியாபாரம் முடிந்ததும் கூடையோடு வந்து ஆட்டோவின் பின் சீட்டில் ஏறிக்கொள்வாள். ஆசை வந்தால் அவர் வண்டியை ஓரம் கட்டுவார். அவள் பின்னாலிருந்து சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள். சுறா வரும்போது கூடுதலாக இறுக்குவாள்.

"இது ஷேர் ஆட்டோவா?" என்று சவாரிக்கு வந்தவர்கள் கேட்டார்கள்.

"இல்ல. அது என் பொண்டாட்டி."

"கூடை?"

"அதுவும் அவளுதுதான்."

மூக்கைப் பொத்திக்கொண்டு சிலர் இறங்கிப் போனார்கள். இப்படியே போனால் தொழில் படுத்துவிடும் என்று ஷஃபியுல்லா ஒரு ஏற்பாடு செய்தார். தேவானை மூன்று மணிக்கு மேல் வந்தால் போதும். அதுவரை ஸ்டாண்டில் இருப்பவர்கள் முறை வைத்துக் காலரைப் பிடிப்பது. பாய் தன் முறையில் ஒரு நாளும் தவறவில்லை. பக்கத்தில் உட்காரும்போது புகை வாசம் வரக் கூடாதென்று தன் சிகரெட்டையும் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

இதில் புது வம்பு வந்தது. "டில்லிக்கு வந்துட்ச்சு!" என்று ஒருவர் குரல் கொடுத்தால் எட்டுப் பேர் ஓடி வருவார்கள். காலரைப் பிடிக்க ஒருவர் போதும். மற்ற ஏழு பேருக்கும் மீன் பார்க்க வேண்டும்.

"மச்சி, ஒரே நிமிசம். அந்த ஆமைய மட்டும் பாத்துட்டுத் தரேன்."

"பாய், ஆசை எனக்கு வந்துகீது!"

"இருடா. தோ வருது, வருது..."

அவர் முறை வருவதற்குள் அரை மணி ஆகிவிடும். அதற்குள் யாருடைய ஆமை பெரியது என்று ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கும். டீ வந்திருக்கும். ஃபிசா டீச்சர் வந்து, "இன்னிக்கு எத்தனாவது நாள் அண்ணா?" என்று கேட்டிருப்பாள். டீச்சர் அவர் வண்டிக்கே திரும்பிவிட்டிருந்தாள். கயல் வேளச்சேரியிலிருந்து போன் போட்டு, "நைனா, சுறா வந்துச்சா?" என்று விசாரித்திருப்பாள். கடைசியில் கருவி கைக்கு வரும்போது அதில் சார்ஜ் இருக்காது. ஆசையும் இருக்காது.

நாலாவது வாரம் பதினொன்று. ஐந்தாவது வாரம் எட்டு.

ஆறாவது வாரம் ஒரு திங்கட்கிழமை அசோக் நகருக்குச் சவாரி. பயணியை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பும்போது மருமகன் செந்தில்குமார் போன் செய்தான்.

"மாமா, பதறாதீங்க. கயலுக்குப் பிரஷர் ஏறிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம். டாக்டர் பாத்துட்டிருக்காங்க. அப்புறம் கூப்பிடறேன்."

போன வருஷமும் இப்படித்தான் ஒரு போன் வந்தது. பக்கத்தில் யாருமில்லை. தேவானை இல்லை, பாய் இல்லை. கருவியை எடுத்துப் பார்த்தார். காலையிலேயே அதன் சார்ஜை ஸ்டாண்டு குடித்துவிட்டிருந்தது.

எதிரே பெட்டிக் கடை.

நேராகப் போனார். "ஒண்ணு குடு" என்றார். வாங்கினார். உதட்டில் வைத்தார். கடையில் தொங்கிய லைட்டரை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். பற்றவில்லை. இன்னொரு தட்டுத் தட்டுவதற்குள் கடைக்காரர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்க... அந்தச் சுறா ஆட்டோதானே?"

கடைக்காரர் கையை நீட்டி, அவர் உதட்டிலிருந்து சிகரெட்டை மெதுவாக எடுத்துத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்கண்ணா. உங்களுக்கு என் கையால தரமாட்டேன். குழந்தையைக் கையில வாங்கணும்னு சொன்னீங்களே. என் வீட்டுக்காரி அந்த வீடியோவப் பாத்து அழுதா. தெரிஞ்சா எனக்குச் சோறு போடமாட்டா."

டில்லிபாபுவுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் என்று தெரியாமல் ஆட்டோவுக்குத் திரும்பிப் பின் சீட்டில் விழுந்தார். வேறு வழி தெரியாமல் சார்ஜ் இல்லாத கருவியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

உள்ளே ஒரே இருட்டு. மீன் இல்லை, கடல் இல்லை. அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். போன் அடித்தது.

"மாமா, நார்மல் ஆயிடுச்சு. உப்பு குறைக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான். குழந்தை நல்லா இருக்கு. இந்தாங்க, அவகிட்டயே பேசுங்க."

"நைனா," என்றாள் கயல். "சுறா வந்துச்சா?"

"வந்துச்சும்மா" என்றார் இருட்டுக்குள்ளிருந்தே. "வந்துட்டுப் போயிட்ச்சு."

அன்று சாயங்காலம் ஸ்டாண்டில் அவர் இதைச் சொன்னபோது எல்லாரும் கருவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். "சார்ஜ் இல்லன்னாக்கூட வேலை செய்யுதுப்பா! அப்படி ஒரு மிஷினு!"

அந்த வாரம் குழாயில் ஐந்து காட்டியது. வளைகாப்பு முடிந்து கயல் நேராகப் பட்டினப்பாக்கம் வந்தாள். வாசற்படியில் நின்று அப்பாவின் சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

"மீனு நாத்தம்தான் வருது."

"அது உங்கம்மா" என்றார் டில்லிபாபு. மகள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

எட்டாவது வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ. நர்ஸம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "யார் வாங்கறீங்க?" என்று கேட்டாள். தேவானை கையை நீட்டவில்லை. வசந்தியும் நீட்டவில்லை. வேதநாயகம், ஷஃபியுல்லா, பள்ளிக்கூடம் முடிந்து நேராக வந்திருந்த ஃபிசா டீச்சர், எல்லாரும் ஒரு அடி பின்னால் நகர்ந்து வழி விட்டார்கள். டில்லிபாபு வாங்கிக்கொண்டார். குழந்தை அவர் சட்டைக் காலரை ஒரு கையால் பற்றிக்கொண்டு தூங்கியது. அவர் ரொம்ப நேரம் மூச்சுவிடக்கூடப் பயந்துபோய் நின்றார்.

நாலு நாள் கழித்து, கருவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தது. டில்லிபாபு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். கருவிக்கு ஒரு முழம் மல்லிகைச் சரம் சுற்றினார். தேவானை வஞ்சிரம் வறுத்து டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டாள். அடையாறு மருத்துவமனையில் சந்திரிகா முன்னால் கடைசியாக ஒரு தடவை ஊதினார்.

இரண்டு.

"சூப்பர் அண்ணா! எங்க ஆராய்ச்சியிலேயே இதுதான் ரொம்பக் குறைஞ்ச நம்பர்."

டில்லிபாபு கருவியை மேஜைமேல் வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சட்டைப் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்தபோது தேவானை கையைப் பிடித்தாள்.

"பொகை வோணாம்யா, இங்க."

கற்பூரத்தை உள்ளே வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"அம்மா, நீ நல்லா இருக்கணும். இத்தக் கண்டுபுடிச்சவன் யாரோ, அவன் புள்ளகுட்டி நல்லா இருக்கணும். முப்பது வருசமா வுட முடியாதத வுட வச்சிட்டீங்க. என் பேத்திய என் கைல குடுத்துட்டீங்க. நானும் யோசிச்சுப் பாத்தேன். வூட்ல இவளும் அக்கம்பக்கத்துல கீறவங்களும் ஸ்டாண்டுப் பசங்களும் இன்னா பண்ணாங்க? ரெண்டு மாசமா சட்டையப் புடிச்சுக்கினு கூடவே குந்தினு இருந்தாங்க, அவ்ளோதான். அத்தனையும் இந்த மிஷினோட வேலைதாம்மா."

தேவானை டப்பாவைச் சந்திரிகா பக்கம் நகர்த்தினாள்.

சந்திரிகா மல்லிகைச் சரம் சுற்றிய கருவியைப் பார்த்தாள், தேவானையைப் பார்த்தாள், பிறகு மேஜைமேல் இருந்த பெயர்ப் பட்டியலைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள்.

"அண்ணா, இன்னியோட ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சு, இப்பச் சொல்லலாம்: சிகரெட்டை நிறுத்தற வைத்தியம் இருக்கற மிஷின் பாதிப் பேருக்குத்தான் குடுத்தோம், ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக மீதிப் பேருக்கு ஒரு வைத்தியமும் இல்லாத மிஷின், உங்களோடதுல இருந்தது, டிவி விக்கற கடையில சும்மா ஓட விடுவாங்களே, அந்த மீன் படம்."